ஏழு மில்லிமீட்டர்: கண், ஊசி, காத்திருப்பு

அக்காவின் கழுத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் கட்டியின் அளவு ஏழு மில்லிமீட்டர். ‘சொல்லப்படும்’ என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவள் அதைத் தொட்டதில்லை. தடவினாலும் விரலுக்கு அகப்படாது. வலி கிடையாது, விழுங்குவதில் தடை இல்லை, குரல் மாறவில்லை. ராயபுரத்தில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் சென்ற ஆண்டு ஒரு மருத்துவ முகாம் நடந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து முடித்தபிறகு, ‘கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்கம்மா, ஃப்ரீதான்’ என்றிருக்கிறார்கள். வரிசை நீளமாக இல்லாததால் இவளும் போய்ப் படுத்திருக்கிறாள். படம் ஊசிப் பரிசோதனையில் கொண்டுபோய் விட்டது. ஊசி ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்தது. ரிப்போர்ட்டில் ‘பெதஸ்டா 6’. உறிஞ்சி எடுத்த செல்களை ஆறு தரமாகப் பிரிக்கும் முறைக்கு அந்தப் பெயர். ஆறாவது தரம் என்றால் புற்று.

‘ஏன் தம்பி, நோவே இல்லாம நா எப்புடி நோயாளி ஆனே?’ என்று கேட்டாள்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் மருத்துவ வரலாற்றுக்குள் நுழைவது அத்துமீறல்தான். ஆனால் அக்கா கேட்டது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, அறிதல்முறை பற்றிய கேள்வி. மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவர் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிடலாம், பிறகு ஆயுசுக்கும் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்றார். கோயமுத்தூரில் பார்த்த இன்னொருவர், கத்தியே வேண்டாம், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கிச் சுட்டுவிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். மூன்றாமவர் ஒன்றுமே செய்ய வேண்டாம், ஆறு மாசத்துக்கொரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். மூவருமே பொறுமையாகப் பேசினார்கள். ஒரே படம், மூன்று வாசிப்புகள். பிரதியின் பன்மை பற்றி இந்தப் பக்கங்களில் நாம் உற்சாகமாக எழுதி வருகிறோம். கூடப் பிறந்தவளின் கழுத்தே பிரதியாகும்போது அந்தப் பன்மை அவ்வளவு கொண்டாட்டமாக இல்லை.

கண்ணுக்குத் தெரிந்த கழுத்திலிருந்து தொடங்குகிறேன். கழலை, கண்டமாலை என்று நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. இரண்டுமே எதிரில் நிற்பவர் பார்த்துச் சொல்லிவிடக்கூடியவை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1872இல் அறுவை மருத்துவப் பேராசிரியரான தியோடர் கோக்கர் எதிர்கொண்டதும் இப்படி வெளியே தொங்கிய ஆல்ப்ஸ் மலைக் கழுத்துகளைத்தான். ரத்தம் பீறிட்டு ஆட்கள் மேஜையிலேயே செத்த காலம் அது. அவருடைய கை பழகப் பழக அறுவைச் சாவு இருநூறில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. ஆனால் 1874இல் அவர் முழுச் சுரப்பியையும் எடுத்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அறுவை கச்சிதமாக முடிந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது அவள் வளர்ச்சி நின்று, முகம் ஊதி, புத்தி மந்தித்திருந்தாள். அவளையும் அவள் தங்கையையும் சேர்த்து நிறுத்தி எடுத்த படங்கள் உள்ளன. தங்கை அக்காவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். 1883இல் கோக்கர் தன் பழைய நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்த்து, முழுச் சுரப்பியை இழந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சிதைந்திருப்பதை, அதாவது தன் வெற்றியின் விளைவை, தானே அறிவித்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயைப் பிடுங்குவதும் ஆளைக் குணமாக்குவதும் ஒன்றல்ல என்பது இந்தத் துறையின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பிறகு வந்த மாத்திரை அந்த எழுத்தை வெகுவாக மங்கலாக்கியது. அழித்துவிடவில்லை.

நம் பக்கத்தில் இதற்கொரு கிளைக்கதை உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பல ஆண்டுகள் வேலை செய்தார். அவர் தொடங்கிய உணவூட்ட ஆய்வகம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. குன்னூருக்கு வருமுன் கில்கித்தில் இருந்தபோது, ஒரே நீரோட்டத்தின் கரையில் அடுத்தடுத்து இருந்த கிராமங்களில் கழுத்துகளை எண்ணிக்கொண்டே நடந்தார். நீர் கீழே போகப்போகக் கழலை கூடியது. அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார். அசுத்த நீரும் கிருமியும் காரணம் என்ற அவருடைய முடிவு முழுதாக நிற்கவில்லை. அயோடின் குறைவுதான் பிரதானம் என்று பின்னர் நிலைபெற்றது. இங்கே எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. அவருக்கு நோய் என்பது ஊரில், ஓடையில், சோற்றில் இருந்தது. கழுத்து அதன் முகவரி மட்டும். இன்று அக்காவின் நோய் எந்த ஊரிலும் இல்லை, எந்தத் தண்ணீரிலும் இல்லை. திரையில் ஓர் அம்புக்குறி காட்டும் கரும்புள்ளியில் இருக்கிறது. (சாயத் தண்ணிதான் காரணம் என்று வீதியில் எல்லோரும் சொல்கிறார்கள். நொய்யலுக்கு நாம் செய்த பாவம் பெரிது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையே மூடச் சொல்ல வேண்டி வந்தது. ஆனாலும் ஆதாரமில்லாமல் இந்த ஏழு மில்லிமீட்டரை அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.)

அந்தக் கரும்புள்ளி எப்படித் தெரிய வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிணத்தைத் திறந்து பார்த்ததிலிருந்து ஒரு புதிய மருத்துவப் பார்வை பிறந்தது என்று ஃபூக்கோ 1963இல் எழுதினார். ஸ்கேன் அந்தப் பார்வையின் அடுத்த கட்டம்: உயிரோடிருப்பவரைத் திறக்காமலே திறப்பது. அதன் பூர்வீகம் மருத்துவமனை அல்ல என்பதுதான் வேடிக்கை. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், வெட்டி எடுத்த கட்டிகளையும் ஒப்பிடுவதற்கு ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் காரில் போட்டுக்கொண்டு கொதிகலன் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியனுப்பிப் பார்க்கும் இயந்திரம் அங்கே இருந்தது. இரும்பில் பழுது காட்டிய இயந்திரம் சதையிலும் வேறுபாடு காட்டியது. 1967இல் ஜப்பானில் ஃபுஜிமோட்டோவும் அவர் சகாக்களும் அதைத் தைராய்டுக்குத் திருப்பினார்கள். எண்பதுகளுக்குப் பிறகு சில மில்லிமீட்டர் கூடத் துல்லியமாகத் தெரியலாயிற்று.

ஆக, இது பழுது பார்க்கும் இயந்திரம். அக்காவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வேலையே செக்கிங்தான். டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் பார்த்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். ‘பையர் ஆளு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றான்னு ரெண்டு லைட்டு சேத்துப் போட்டாப் போதும், அன்னிக்கு டேமேஜு ரெண்டு மடங்கு வரும்’ என்றாள். ‘மிசினு அதேதான், துணியும் அதேதான்.’ அதனால்தான் ஏற்றுமதித் தொழிலில் ஏ.க்யூ.எல். என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: இத்தனை பீஸில் இத்தனை பழுது வரை பழுதல்ல. பனியனுக்கு இருக்கிற இந்த ஏற்பாடு கழுத்துக்கு வர வெகுகாலம் பிடித்தது.

இயற்கையாகச் செத்தவர்களின் கழுத்தில் எத்தனை ‘பழுது’ இருக்கும்? 1985இல் பின்லாந்தில் ஹாராக்கும் சகாக்களும் 101 சடலங்களின் தைராய்டுகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் பார்த்தார்கள். 36 பேரிடம் பாப்பில்லரி புற்று இருந்தது. அக்காவுக்குச் சொல்லப்பட்ட அதே வகை. யாருக்கும் உயிரோடிருந்தபோது அது தெரியாது. யாரையும் அது கொல்லவும் இல்லை. பின்லாந்தில் இது ‘இயல்பான’ ஒன்று என்று தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இது அச்சில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கும் நாற்பது ஆண்டு முன்னால், 1943இல், ஷார்ல் கங்கியேம் (ஃபூக்கோவின் ஆசிரியர்) இயல்பும் நோய்மையும் பற்றிய தன் ஆய்வேட்டில் ஒரு புதிரோடு மல்லுக்கட்டுகிறார். திடீர் மரணம் அடைந்த ஒருவனை அறுத்துப் பார்க்கும்போது சிறுநீரகத்தில் புற்று தெரிகிறது. அவனுக்கே அது தெரியாது. அந்த நோய் யாருடையது? பிணத்துக்கு நோய் வராது. உயிரோடிருந்தவனோ நோயாளியாக வாழவில்லை. ஆளில்லாத நோய். யாராவது ஒருவர் துன்பப்பட்டு ‘எனக்கு என்னமோ ஆகுது’ என்று வந்து நிற்பதால்தான் மருத்துவம் என்ற ஒன்றே உண்டாயிற்று என்பது கங்கியேமின் நிலை. ஸ்கேன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஆளில்லாமல் கிடந்த நோய்களுக்கு அது ஆள் தேடிக் கொடுக்கிறது. அக்காவின் கேள்விக்கு என்னால் தர முடிந்த நேர்மையான பதில் இதுதான்.

எத்தனை ஆட்களைத் தேடித் தரும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 1999இல் அந்த அரசு சில புற்றுகளுக்குத் தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்லின. நம் முகாமின் ‘ஃப்ரீதான்’ என்ற அதே குரல். 2011இல் தைராய்டுப் புற்று 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்காயிற்று. அந்த ஓராண்டில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். சாவு எண்ணிக்கையோ அசையவில்லை, ஆண்டுக்கு முந்நூறு நானூறு என்ற அளவிலேயே நின்றது. கண்டுபிடிக்கப்பட்ட எல்லோரும் அநேகமாக அறுவைக்குப் போனார்கள். அதில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குக் கால்சியச் சுரப்பி செயலிழந்தது, இரண்டு பேருக்குக் குரல்நாண் முடங்கியது. 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலரே கூட்டாக வெளியே வந்து இதை நிறுத்துங்கள் என்றார்கள். அந்த ஆண்டே அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் மாவட்டப் பதிவேடு இதே வளைவைத்தான் வரைகிறது. 2006க்குப் பிறகான எட்டு ஆண்டுகளில் அங்கே பெண்களிடம் இது ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. நாட்டுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி பத்து மடங்கு வரை வித்தியாசம். ஸ்கேன் இயந்திரம் எங்கே அதிகமோ அங்கே நோய் அதிகம் என்று வாசிப்பதில் தவறில்லை.

கத்தியில்லாத சிகிச்சை வளர்ந்ததும் பெருமளவு இதே கொரியாவில்தான். இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. கண் பெருகிய இடத்தில்தான் ஊசியும் பெருகுகிறது. ஊசியின் வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. 1990இல் லிவ்ராகியும் குழுவினரும் படம் பார்த்துக்கொண்டே தைராய்டு கட்டிக்குள் சாராயத்தைச் செலுத்தினார்கள். 2000த்தில் பச்செல்லா லேசர் இழையை நுழைத்தார். 2002 முதல் கொரியாவில் ரேடியோ அலை. முதலில் புற்றல்லாத, கழுத்தில் துருத்திய கட்டிகளுக்கு மட்டும். பின்னரே சின்னப் புற்றுகளுக்கு.

வேலை நடக்கும் விதம் நுட்பமானது, அழகானது என்று சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை. நோயாளியை மயக்குவதில்லை, தோலையும் சுரப்பியின் உறையையும் மட்டும் மரக்கச் செய்கிறார்கள். சுரப்பியின் இரு மடல்களையும் இணைக்கும் நடுப்பாலம் வழியாக ஊசியைப் படுக்கைவாட்டில் செலுத்துகிறார்கள், நுனி எப்போதும் திரையில் தெரியும்படி. ரேடியோ அலை பாய்ந்ததும் நுனியைச் சுற்றிய திசுவில் அயனிகள் அதிர்ந்து உராய்ந்து சூடு பிறக்கிறது. அறுபது டிகிரியைத் தாண்டினால் செல் உடனே செத்துவிடும். திரையில் வெண்குமிழ்கள் மேகம்போல் எழும். கரும்புள்ளி வெளுத்ததும் ஊசியைக் கொஞ்சம் பின்னிழுத்து அடுத்த துளிக்குப் போக வேண்டும். ஊசி அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அக்கம்பக்கமும் வெந்துவிடும். அதனால் கட்டியைச் சிறு சிறு துண்டங்களாகப் பாவித்து நகர்ந்துகொண்டே சுடும் இந்த முறையைக் கொரியாவின் பேக் ஜங் ஹ்வான் வகுத்தார்.

பயமெல்லாம் பின்புறத்து முக்கோணம் ஒன்றில் இருக்கிறது. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் ஒட்டியபடி குரல் நரம்பு ஓடுகிறது. மூளையிலிருந்து நேரே தொண்டைக்கு வராமல், நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றித் திரும்பி மேலேறும் விசித்திர நரம்பு அது. எழுத்துப் பிறக்கும் இடங்களில் நெஞ்சையும் மிடற்றையும் சேர்த்துச் சொன்ன தொல்காப்பியருக்கு இது பிடித்திருக்கும். அந்த நரம்புக்குச் சூடு போகாதிருக்க, இடையில் ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸ் நீரைச் செலுத்தி ஒரு குட்டை உண்டாக்குகிறார்கள். குளுகோஸ் பாட்டிலில் வருகிற அதே தண்ணீர். உப்பு நீர் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். நடுநடுவே நோயாளியைப் பேசச் சொல்கிறார்கள். குரல் இருக்கிறதா என்று குரலிடமே கேட்டுக்கொள்கிறார்கள். கத்தியின் வரலாற்றில் நோயாளி மயங்கிக் கிடந்தாள். ஊசியின் வரலாற்றில் பேசுகிறாள், என்ன பேச வேண்டும் என்பது அவள் கையில் இல்லாவிட்டாலும்.

சரி, பலன்? கொரியாவில் 74 பேரின் 84 சின்னப் புற்றுகளைச் சுட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஒன்றுகூட வளரவில்லை, பரவவில்லை. கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். இங்கேதான் கோபெ நகரத்தின் கூமா மருத்துவமனையை அருகில் வைக்க வேண்டும். 1993இல் அங்கே மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றை ஒன்றும் செய்யாமல் கண்காணித்தால் என்ன என்று முன்மொழிந்தார். கத்தி பிடிக்கும் ஒருவரே கத்தியைக் கீழே வைக்கச் சொன்னார். 2014இல் வெளியான கணக்கில் 1,235 பேர். பத்து ஆண்டில் மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது நூற்றுக்கு எட்டு. கழுத்து நிணக்கணுவுக்குப் போனது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. வயது கூடக்கூட வளர்வது குறைந்தது. வளர்ந்தவர்களுக்குப் பிறகு அறுவை செய்தார்கள். இந்தப் புற்றால் யாரும் சாகவில்லை. அப்படியானால் அந்த 84 புள்ளிகளில் பெரும்பாலானவை சுடாவிட்டாலும் சும்மாதான் இருந்திருக்கும். சும்மா இருந்திருக்கக்கூடியதைச் சுட்டு, ‘பார், சும்மா இருக்கிறது’ என்று காட்டுவதில் ஒரு தர்க்கச் சிக்கல் இருக்கிறது. ஊசியின் வெற்றி எவ்வளவு ஊசியுடையது, எவ்வளவு நோயின் சோம்பலுடையது என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. போதாததற்கு, கத்தி எடுத்த சதை ஆய்வு மேஜைக்குப் போகும். ஊசி சுட்டது உடம்பிலேயே கரைந்துவிடும். சரிபார்க்கத் திரும்பவும் அதே திரைதான். கண்ணே வழக்குத் தொடுத்து, கண்ணே தண்டித்து, கண்ணே விடுதலையும் எழுதுகிறது.

ஊசியை நான் பழிக்கவில்லை. புற்றல்லாத பெரிய கட்டி தொண்டையை அமுக்கும்போது, அறுவைக்குப் பிறகும் கணுக்களில் திரும்ப முளைத்தவற்றுக்கு, இன்னொரு மயக்கத்தைத் தாங்காத வயசாளிகளுக்கு அது பெரிய வரம். இதைப் படித்துவிட்டு யாரும் வளர்கிற கட்டியை, குரல் கம்மியதை, கணு தடித்ததை உதாசீனப்படுத்தக் கூடாது. தைராய்டுப் புற்றில் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோகும் வகையும் இருக்கிறது. நான் பேசுவது சின்னதை, அமைதியானதைப் பற்றி மட்டும். 2015இலேயே அமெரிக்கத் தைராய்டு சங்கம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகளைப் பொதுவாக ஊசி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்றது. அதாவது அக்காவுக்கு அந்த முதல் ஊசியே தேவைப்பட்டிருக்காமல் இருக்கலாம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன், அதுதான் என் துறை. கிரேக்கர்கள் இந்த நோயில் நண்டைக் கண்டார்கள். நாம் புற்றைக் கண்டோம்: கறையான் உள்ளிருந்து கட்டி, மண்ணைப் பிளந்து மேலே எழுப்புவது. மேலே எழுந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். எழாத புற்றைப் புற்று என்பதா? கேள்வி வெறும் சொல்விளையாட்டல்ல. 2016இல் பன்னாட்டு நோய்க்குறியியல் வல்லுநர் குழு ஒன்று, உறைக்குள் அடங்கிய ஒருவகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்தே புற்று என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஒரு செல்லும் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. அதனால் ஆட்கள் கத்தியிலிருந்து தப்பினார்கள். அக்காவின் வகைக்கு அந்த மறுபெயரிடல் நடக்கவில்லை. ‘கேன்சர்’ என்ற சொல் வீட்டுக்குள் வந்த மறுநாள் அவள் மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரனை நிறுத்தி வைத்தார்கள். ஏழு மில்லிமீட்டர் அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சொல் செய்தது.

கழுத்து சும்மா ஓர் உறுப்பும் அல்ல. தாலி ஏறும் இடம், பிறர் பார்க்கும் இடம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே பல மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. தழும்பு தெரியக் கூடாதென்று அக்குள் வழியாக நுழைந்தார்கள். தாய்லாந்தில் அனுவாங் 2016இல் உதட்டுக்கு உட்புறம் வழியாகவே நுழைந்து காட்டினார். தழும்பே இல்லை என்ற ஊசியின் வாக்குறுதி இந்த வரிசையில்தான் வருகிறது. அழகு பற்றிய கவலையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ‘அந்தத் தழும்பப் பாத்துப் பாத்துக் கேப்பாங்க தம்பி, ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லோணும்’ என்றாள் அக்கா. அவள் பேசியது அழகைப் பற்றி அல்ல.

காத்திருப்பதைப் புனிதமாக்கவும் என்னால் முடியவில்லை. கோபெயில் காத்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரே மருத்துவமனை, பழகிய கைகள், பல ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. இங்கே பீஸ் ரேட்டில் உழைப்பவளுக்கு ஒரு ஸ்கேன் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கம்பெனி மாறினால் ஊர் மாறும், ஊர் மாறினால் பழைய படம் தொலையும். காத்திருப்பதும் ஒரு வேலைதான், அதற்கு யாரும் கூலி தருவதில்லை. ஊசி போட்டுக்கொண்டாலும் சுரப்பி உள்ளேயே இருப்பதால் திரும்பத் திரும்பப் படம் எடுத்தாக வேண்டும் என்பதைக் கோயமுத்தூர் மருத்துவர் நான் கேட்டபிறகுதான் சொன்னார். அதற்கு அவர் சொன்ன தொகை அக்காவின் எட்டு மாதச் சம்பளம்.

அக்கா காத்திருக்கிறாள். முடிவு அவளுடையது, நான் வாசித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து வேறொரு சென்டரில் எடுத்த படத்தில் 6.4 என்று வந்தது. ‘கொறஞ்சிருச்சா?’ என்றாள். மிஷின் வேறு, கை வேறு, அதனால் இருக்கும் என்றேன். ‘அப்ப முன்னாடி சொன்ன ஏழு?’ என்றாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேதி தை மாதம், பொங்கல் போனஸ் வேலையெல்லாம் முடிந்தபிறகு. இந்த முறை பழைய படம் இரண்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் அவற்றையும் போட்டு வைத்திருக்கிறாள்.